ஏர்போர்ட்டில் இறங்கியதும் டாக்ஸி தேடாதே, தங்கச்சி

சென்னை ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்ததும் "டாக்ஸி வேணுமா மேடம்?" என்று நாலு பக்கமும் குரல் கேட்கும். பதில் சொல்ல அவசரப்படாதே. அந்த வாசலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உனக்கு இரண்டு ரயில் இருக்கிறது. ஒன்று மெட்ரோ. மற்றது, ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் திரிசூலம் ஸ்டேஷனில் நிற்கும் மின்சார ரயில். மெட்ரோ எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. திரிசூலம்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிவதில்லை. எங்கே போகிறாய் என்பதை வைத்துத்தான் எதில் ஏறுவது என்று முடிவு செய்யணும்.

மெட்ரோ ஸ்டேஷன் உள்நாட்டு, பன்னாட்டு முனையங்களுக்கு நடுவில், வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. 2016-இல் தொடங்கியபோது சின்னமலை வரைக்கும்தான் ஓடியது. இப்போது நீலத் தடத்தில் ஏறினால் கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, ஆயிரம்விளக்கு என்று போய் முக்கால் மணி நேரத்துக்குள் சென்ட்ரலில் இறக்கிவிடும். கோவைக்கோ பெங்களூருக்கோ ரயில் பிடிக்கிறவளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. திருவல்லிக்கேணி என்றால் அரசினர் தோட்டத்தில் இறங்கு. மயிலாப்பூர் என்றால் தேனாம்பேட்டையில் இறங்கி ஆட்டோ வைத்துக்கொள்.

வடபழனி, கோயம்பேடு, அண்ணா நகர் போகிறவள் ஆலந்தூரில் பச்சைத் தடத்துக்கு மாறணும். அது வேறு தளம். பெட்டி இருந்தால் லிஃப்டில் போ. அதே டிக்கெட் போதும், அதனால் கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிடாதே.

மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான். போனில் க்யூ.ஆர். டிக்கெட் எடுத்தால் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறாய், போனில் நம்ம ஊர் சிம் இல்லை என்றால் கவுன்டரில் எடுக்கலாம். அதற்குக் கொஞ்சம் ரூபாய் நோட்டு கையில் இருக்கட்டும்.

இனி திரிசூலம். தி.நகர் போகிறவள் மெட்ரோ பக்கமே போக வேண்டாம். பீச் போகும் மின்சார ரயிலில் ஏறினால் மாம்பலத்தில் இறங்கலாம், ரங்கநாதன் தெரு அங்கேயே வந்துவிடும். எழும்பூருக்கும் அதே வண்டி, மாறாமல். டிக்கெட் 10 ரூபாயைத் தாண்டாது.

மதுரை, திருநெல்வேலிப் பக்கம் போகிறவள் எழும்பூருக்கு ஏன் போகணும்? தெற்கே போகும் எக்ஸ்பிரஸ் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்கும். தாம்பரமோ திரிசூலத்திலிருந்து நாலாவது ஸ்டேஷன். முன்பதிவு செய்யும்போதே ஏறும் இடம் தாம்பரம் என்று போட்டுவிடு. பஸ்ஸில் போவதாக இருந்தால் பழைய நினைப்பில் கோயம்பேட்டுக்குப் போய் நிற்காதே. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தார்கள். தென்மாவட்ட பஸ்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. ஏர்போர்ட்டிலிருந்து அது தெற்கே, அதே ஜி.எஸ்.டி. ரோட்டில்.

ஆனால் மின்சார ரயிலை எல்லா நேரத்துக்கும் நான் சொல்ல மாட்டேன். காலையில் பீச் பக்கம், சாயங்காலம் தாம்பரம் பக்கம் ஆபீஸ் கூட்டம் நெரியும். லேடீஸ் கம்பார்ட்மெண்டிலும் பெரிய பெட்டியோடு ஏறுவது சிரமம். திரிசூலம் போக சுரங்கப்பாதையில் இறங்கி ஏறவும் வேண்டும். ஒரு தோள்பை, ஒரு சின்னப் பெட்டி என்றால் தாராளமாகப் போ. இரண்டு பெரிய சூட்கேஸ், கூடவே குழந்தை என்றால் மெட்ரோதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்புக்காகப் பல மின்சார ரயில்களை ரத்து செய்வார்கள். முதல் நாளே பார்த்துவிடு.

மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கி இரவு 11 மணி வரை. அதற்குப் பிறகு தனியாக இறங்கினால் உள்ளே இருக்கும் ப்ரீபெய்டு டாக்ஸி கவுன்டரில் பணம் கட்டிப் போ. அந்த நேரத்தில் காசு பார்க்காதே.

ஊருக்குத் திரும்பும்போது கவனமாக இருக்க வேண்டியது மீனம்பாக்கம். நம் வீட்டில் பெரியவர்கள் ஏர்போர்ட்டையே மீனம்பாக்கம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் மெட்ரோவிலும் மின்சார ரயிலிலும் மீனம்பாக்கம் தனி ஸ்டேஷன். மெட்ரோவில் அதற்கு அடுத்து வரும் கடைசி நிறுத்தம்தான் விமான நிலையம். மின்சார ரயிலில் திரிசூலம். கோயம்பேட்டிலிருந்து பச்சைத் தடத்தில் வருகிறவள் பரங்கிமலை வரை போய்விடாமல் ஆலந்தூரிலேயே மாறிக்கொள். எந்த முனையம் என்பதை டிக்கெட்டில் முன்பே பார்த்து வை. மெட்ரோவிலிருந்து இறங்கிப் பெட்டியோடு அங்கே நடக்க மட்டும் கால் மணி நேரம் ஒதுக்கு.