முதலில் மூடி, பிறகு மீன்

அன்புள்ள பேரனுக்கு,

கடல்மீன் தொட்டி தயாராகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போய் இரண்டு ஃபயர்ஃபிஷ்ஷும் ஒரு கோபியும் வாங்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய படத்தைப் பலமுறை பார்த்தேன். பாறை அடுக்கியிருக்கும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மேலே மூடி இல்லை. அது வரும்வரை மீன் வேண்டாம்.

கோபி நம் ஊர் உளுவையின் இனம்தான். அது துள்ளுவதைக் கோளாறு என்று நினைத்துவிடாதே. லெஸ்டர் அரோன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1951இல் ஓர் உளுவையைப் பற்றி எழுதினார். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் அது பாறைகளின் மேல் நீந்திப் பள்ளங்களின் இடத்தை மனத்தில் பதித்துக்கொள்கிறது. நீர் வற்றிக் குழிக்குள் அகப்பட்டபின், அங்கிருந்து தெரியாத பக்கத்துக் குழிக்குக் குறிதவறாமல் தாவுகிறது. உன் தொட்டிக்குப் பக்கத்தில் குழி இல்லை, தரைதான் இருக்கிறது.

என் பழைய தொட்டிக்கு நான் கண்ணாடி மூடிதான் போட்டிருந்தேன். குழாய்க்காக மூலையில் நாலு விரல் இடைவெளி விட்டிருந்தேன். ஒரு நள்ளிரவில் கரண்ட் போய்த் திரும்பி வந்தது, விளக்கு பளீரென்று எரிந்தது. காலையில் ஃபயர்ஃபிஷ் ஸ்டாண்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. அந்த மூலையை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

அதனால் ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள, நிறமில்லாத நைலான் வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டு. மெலிந்த சிறு உளுவை என்றால் கண் இன்னும் சிறிதாக இருக்கட்டும். கண்ணாடி நம் வெயிலில் சூட்டை உள்ளேயே அடக்கிவிடும், காற்றும் சரியாகக் கலக்காது. வலை என்றால் நீர் ஆவியாகித் தொட்டி குளிரும். ஆவியான அளவுக்கு உப்பில்லாத நன்னீரை மட்டும் ஊற்று, ஏனென்றால் உப்பு உள்ளேயே இருக்கும். குழாய், ஒயர் நுழையும் இடங்களையும், வழிநீர்ப் பெட்டியின் வாயையும் விட்டுவிடாதே. மீனைக் காணவில்லை என்றால் முதலில் கீழே வழிநீர் போய்ச் சேரும் சம்ப் தொட்டியில் தேடு.

மூடி போட்டாலும் மீனைப் பயமுறுத்தாதே, பயந்தால் அது இன்னும் துள்ளும். ஃபயர்ஃபிஷ் தன் வளைக்கு மேலேயே மிதக்கும் மீன், ஒளிய இடமில்லாவிட்டால் மேலே பாயும். அடியில் மணலோடு உடைந்த பவளத் துண்டுகளையும் போடு. சண்டைக்கார டாம்சல் மீனைச் சேர்க்காதே. ஃபயர்ஃபிஷ்ஷும் ஜோடி சேராத இரண்டு இருந்தால் ஒன்றையொன்று விரட்டும். கடையில் ஒரே வளையில் ஒட்டியிருப்பதைப் பார்த்து வாங்கு, இல்லையென்றால் ஒன்று போதும். விளக்கு படிப்படியாக மங்கட்டும். முதல் சில இரவுகளுக்கு அறையில் பேட்டரி விளக்கு ஒன்று எரியட்டும்.

எப்போதாவது மீன் தரையில் கிடப்பதைக் கண்டால், செத்துவிட்டது என்று முடிவு கட்டாதே. கையை நனைத்துக்கொண்டு எடுத்துத் தொட்டியிலேயே விடு, விளக்கை அணைத்துவிடு. சில பிழைத்திருக்கின்றன.

தொட்டியின் உள்விளிம்பை அளந்து, குழாய் எந்த மூலையில் இறங்குகிறது என்பதையும் குறித்து அனுப்பு. சட்டத்தை நானே கட்டி எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
தாத்தா