நோயாளியைப் பேணுவோரின் நலம்

பாரிசவாயுவால் படுத்துவிட்ட மாமியாரை மருமகள் பேணுகிறாள் எனக் கொள்வோம். பகலில் சமையலும் தார் சுற்றலும். இரவில் இரண்டு மணி நேரத்திற்கொருமுறை, படுக்கைப்புண் வராதிருக்க, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்தல். நாளடைவில் உறக்கம் குன்றும், சினம் மிகும், சினந்துவிட்டோமே என்ற வருத்தமும் வாட்டும். இது குணக்கேடன்று, ஓய்வின்மையின் விளைவேயாகும்.

பரிகாரம் மூன்று. முதலாவது, பணியைப் பங்கிடுதல்: வாரத்தில் சில இரவுகளையேனும் கணவன் ஏற்றல் வேண்டும். இரண்டாவது, இல்லம் தேடி வரும் உதவி: தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை அளிக்கின்றனர். மூன்றாவது, மனம்விட்டுப் பேசுதல்: 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை, 14416 என்னும் எண்ணில், கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.

நோயாளி மறைந்தபின் மனம் வெறுமையுறுவதும் இயல்பே. அப்போதும் இவ்வுதவியை நாடுக. இழை அறுந்தால் தறியை நிறுத்தி உடனே பிணைக்கிறோமன்றோ? பேணுவோரின் தளர்ச்சியையும் அவ்வாறே காலத்தில் கவனித்தல் நம் கடமை.