அணைத்த பிறகும் அழியாத அமைப்புகள்: பழைய கணினியில் பப்பி லினக்ஸ்

"சார், நேத்து அடிச்ச கதை காணோம் சார்."

ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பாம்பாறு பற்றிப் பாட்டி சொன்ன கதையை ஒரு பாடவேளை முழுவதும் உட்கார்ந்து தட்டச்சு செய்திருந்தார். மறுநாள் அந்தக் கதையும் இல்லை; நான் நிறுவியிருந்த தமிழ் எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பும் இல்லை.

ஊத்தங்கரைப் பகுதியில் உள்ள எங்கள் பள்ளியில் வன்தட்டு பழுதான மூன்று பழைய கணினிகளைப் பென்டிரைவில் இட்ட பப்பி லினக்ஸ் கொண்டு இயக்குகிறோம். பேரி காலர் என்பவர் 2003இல் வெளியிட்ட இந்த இலவச இயங்குதளம் சில நூறு எம்பி அளவே உடையது. குறைந்த நினைவகமுள்ள கணினியிலும் விரைவாக இயங்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் எழுத்துருவையும் விசைப்பலகையையும் மீண்டும் அமைப்பதிலேயே பாடவேளையில் 15 நிமிடம் போய்க்கொண்டிருந்தது.

தவறு எங்கே?

தவறு என்னுடையதுதான். பப்பி லினக்ஸ் முழுவதும் ராம் நினைவகத்தில் ஏறி இயங்குகிறது. ராம் நம் கரும்பலகை போன்றது. மின்சாரம் நின்றதும் எழுதியதெல்லாம் அழிந்துவிடும். அதனால்தான் முதல்முறை அணைக்கும்போது, "இந்த அமர்வைச் சேமிக்கவா?" என்று அது கேட்கிறது. பென்டிரைவ் கெட்டுவிடுமோ என்று பயந்து நான் தினமும் "வேண்டாம்" என்றே அழுத்தி வந்தேன்.

செய்முறை

1. கணினியை இயக்கி எழுத்துரு, விசைப்பலகை, தேதி, நேரம் ஆகியவற்றை முதலில் சரிசெய்யவும்.

2. அணைக்கும்போது "சேமி" என்பதைத் தேர்ந்தெடுத்து, சேமிப்புக் கோப்பைப் பென்டிரைவில் உருவாக்கவும். அமைப்புகளுக்கு மட்டும் 512 எம்பி போதும்.

3. கோப்புக்கு வகுப்பின் பெயரை இடவும். அடுத்த வகுப்புக்கு, சேமிப்புக் கோப்பு இல்லாமல் தொடங்கும் தேர்வில் கணினியை இயக்கி, வேறு பெயரில் இன்னொரு கோப்பை உருவாக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட கோப்புகள் இருந்தால், தொடங்கும்போது எது வேண்டும் என்று கணினியே கேட்கும்.

4. எல்லாம் சரியாக அமைந்த பின், அந்தக் கோப்பின் நகல் ஒன்றை வேறு பென்டிரைவில் பத்திரப்படுத்தவும். பிள்ளைகள் எதையாவது மாற்றிக் குழப்பினாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

கவனிக்க வேண்டியவை

பென்டிரைவில் இயங்கும்போது மாற்றங்கள் உடனுக்குடன் எழுதப்படுவதில்லை. இடைவெளி விட்டும், அணைக்கும்போதும்தான் எழுதப்படும். திடீரென மின்தடை வந்தால் இடையில் செய்தது போய்விடும். ஆகவே முகப்புத் திரையில் உள்ள "சேவ்" படத்தை அவ்வப்போது அழுத்தப் பழக்க வேண்டும்.

மாணவர் படைப்புகளைச் சேமிப்புக் கோப்புக்குள் வைக்காமல், பென்டிரைவிலேயே தனிக் கோப்புறையில் வைப்பது நல்லது. அமைப்புகள் கெட்டாலும் படைப்புகள் தப்பும். வேறு கணினியிலும் திறக்கலாம்.

உலாவியில் சேமிக்கும் கடவுச்சொற்களும் அந்தக் கோப்பிலேயே தங்கும். பப்பி லினக்ஸ் பொதுவாகக் கடவுச்சொல் கேட்காமலே திறக்கும் என்பதால், எமிஸ் கடவுச்சொல்லை அதில் ஒருபோதும் சேமிக்க வேண்டாம்.

வகுப்பறைச் செயல்பாடு

இதையே ஒரு பாடமாக்கினேன். மாணவர்கள் திரையின் பின்னணிப் படத்தை மாற்றினார்கள். "அணைத்துவிட்டு மறுபடி போட்டால் இந்தப் படம் இருக்குமா?" என்று கேட்டு, ஒவ்வொருவரின் கணிப்பையும் நோட்டில் எழுதச் சொன்னேன். முதலில் சேமிக்காமல் அணைத்தோம். பழைய படமே வந்தது. பிறகு சேமித்து அணைத்தோம். புதிய படம் அப்படியே இருந்தது. முதன்மை நினைவகத்துக்கும் துணை நினைவகத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் விளக்கும் முன்பே பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

அந்த மாணவி தன் கதையை மீண்டும் தட்டச்சு செய்தார். பத்தி முடியும்போதெல்லாம் "சேவ்" படத்தை அழுத்தினார். பக்கத்தில் இருந்தவருக்கும் நினைவூட்டினார். இப்போது எங்கள் கணினிகள் திறந்த உடனே தமிழில் எழுதத் தயாராக இருக்கின்றன. அந்த 15 நிமிடம் பிள்ளைகளுக்கே திரும்பக் கிடைத்திருக்கிறது. உங்கள் பள்ளியிலும் மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்றில் முயன்று பாருங்கள்.