சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

குற்றம் புரிந்தவனைச் சிறையில் அடைத்துத் தண்டித்தல் அறமாகுமா? இவ்வினா இன்று பல நாடுகளில் எழுந்துள்ளது. தமிழ்ப் பௌத்தருக்கோ இது பழைய வினாவாகும். மணிமேகலையின் 19ஆம் காதைக்கு இதுவே பொருள்.

புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்துள் அமுதசுரபியோடு புகுந்த மணிமேகலை, பசித்திருந்தோர்க்கு உணவளித்தாள். அதனை அறிந்த சோழமன்னன் அவள் வேண்டுவது யாதென வினவினான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என அவள் வேண்ட, மன்னனும் இசைந்தான். அங்கிருந்தோர் குற்றமற்றவர் என்று அவள் வாதிடவில்லை. இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

'அங்ஙனமாயின் கொலைஞனையும் வெளியில் விடுவதோ? அவனால் துன்புற்றோர்க்குக் காவல் யாது?' எனச் சிலர் கேட்பர். இது தள்ளத்தக்க வினா அன்று. அங்குலிமாலனைப் பிடிக்கக் கோசல மன்னன் பசேனதி ஐந்நூறு குதிரை வீரருடன் புறப்பட்டான். அவன் பிக்குவாகி அமைதியுற்றிருத்தலைக் கண்டு தண்டியாது திரும்பினான். ஆயினும் பின்னர்ப் பிச்சைக்குச் சென்றவிடத்து அங்குலிமாலன் கல்லடி பட்டுக் குருதி சிந்தினான். தன் வினையின் பயனைப் பொறுத்துக்கொள்ளுமாறே பகவன் அவனுக்கு உரைத்தார். எனவே, தண்டியாமை வேறு, செய்த தீமையை மறைத்தல் வேறு.

இவற்றால் பெறப்படுவது யாது? பிறர்க்குத் தீங்கு நேராவண்ணம் ஒருவனைத் தடுத்து வைத்தல் காவலாகும். அவன் துன்புறவேண்டும் என்னும் எண்ணத்தோடு அடைத்தல் பகையாகும். எண்ணமே வினை என்பது பகவன் போதனை. ஆதலின் காவலுக்கு வேண்டாத சிறைநாள் ஒவ்வொன்றும் பகையின் பாற்பட்டதே.

நம் நாட்டு நிலையைக் காண்போம். 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ 5,73,000 பேர் இருந்தனர். அவருள் நான்கில் மூன்று பங்கினர் விசாரணை முடியாதவர், குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர். மேலும், சமையலை ஒரு சாதியார்க்கும் துப்புரவை மற்றொரு சாதியார்க்கும் பகுத்த சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள்தான் செல்லாதனவாக்கியது. குற்றத்திற்குத் தண்டனை என்று சொல்லிப் பிறப்பிற்கும் தண்டனை விதித்தனர்!

காப்பியம் இன்னுமொன்று கற்பிக்கின்றது. உதயகுமரன் கொலையுண்டபின், குற்றமற்ற மணிமேகலையையே அம்மன்னன் காவலில் வைத்தான். கோட்டத்தின் பெயர் மாறியது. ஆள்வோர் உள்ளப் பழக்கம் மாறவில்லை. ஆகவே சட்டம் மட்டும் போதாது. சிறையிலிருந்து மீண்டவனுக்கு நம் தெருவில் இடமும், நம் பந்தியில் இலையும் உண்டா? அறக்கோட்டத்தின் வாயில் அங்கேதான் திறக்கின்றது.