சப்பாத்தி ஒத்துக்காத சர்க்கரையும் பன்னிரண்டு மணி நேர வேலையும்

என் தம்பி சென்னை தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறான். காலை பத்து மணிக்கு உள்ளே போனால் இரவு பத்துக்குத்தான் வெளியே வருவான். 38 வயதில் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அன்று முதல் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: "ராத்திரி சோத்த விட்டுட்டு ரெண்டு சப்பாத்தி சாப்பிடுப்பா." அவனுக்குக் கோதுமை ஆகாது, சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு பானை மாதிரி உப்பிவிடும். பால் குடித்தாலோ வயிற்றைக் கலக்கும். ஆறு மாதம் சப்பாத்தியோடு மல்லுக்கட்டினான். சர்க்கரையும் இறங்கவில்லை, வயிறும் அடங்கவில்லை.

இந்த நான்கு வருடத்தில் மருத்துவரிடமும் உணவியல் நிபுணரிடமும் கேட்டுக் கேட்டு, செய்து பார்த்து, ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். ஊர் சொல்லும் பத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு, தன் வயிற்றையும் தன் வேலை நேரத்தையும் வைத்துச் சாப்பாட்டை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த வழி. ஷிப்டில் போகிறவர்களுக்கும் பஸ் ஓட்டுகிறவர்களுக்கும்கூட இது உதவும். மாத்திரையின் அளவையும் நேரத்தையும் மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள்.

உபத்திரவம் சாப்பாட்டாலா, மாத்திரையாலா?

முதலில் இதைப் பிரித்துப் பாருங்கள். சர்க்கரைக்கு அதிகமாக எழுதப்படும் மெட்ஃபார்மின் மாத்திரையே சிலருக்கு வயிற்றுப்போக்கையும் உப்புசத்தையும் கொடுக்கும். வோக்ளிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் மாவுச்சத்து செரிப்பதைத் தாமதப்படுத்துகிறவை. அதனாலேயே வாயு சேரும். தம்பி காலையில் வெறும் வயிற்றில் ஒரு டீயைக் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் அதைச் சாப்பாட்டோடு போடச் சொல்லி, மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினார். பாதித் தொல்லை அதிலேயே போய்விட்டது. மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுப்பவர்கள் பி12 அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டு போதும். மணி, சாப்பிட்டது, மாத்திரை, வயிறு என்று நான்கு கட்டம் போட்டு இரண்டு வாரம் எழுதுங்கள். பிறகு சந்தேகப்படும் பொருளை ஒவ்வொன்றாக ஒரு வாரம் நிறுத்தி, திரும்பச் சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் எது ஆகவில்லை என்று தெரியாமலே போய்விடும்.

கோதுமையில் மட்டும் அவசரப்படாதீர்கள். கோதுமை குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரலாம். டைப் 1 சர்க்கரை உள்ளவர்களுக்குச் சீலியாக் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எதையாவது சாப்பிட்டு உடம்பு தடித்தால், உதடு வீங்கினால், மூச்சு இழுத்தால் அது ஒவ்வாமை. வீட்டில் சோதித்துப் பார்க்கிற விஷயமே கிடையாது, மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பால் ஆகாதவர்கள் பலரால் ஒரு தடவைக்கு 12 கிராம் லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) வரை தாங்க முடியும். 100 மில்லி பாலில் இருப்பது சுமார் 5 கிராம். அதனால் டீயில் விடும் கொஞ்சம் பால் தம்பிக்கு ஒன்றும் செய்யவில்லை, ஒரு டம்ளர் பால்தான் படுத்தியது. புளித்த மோர் நன்றாகவே ஒத்துக்கொண்டது. 'சுகர் ஃப்ரீ' பிஸ்கெட்டைக் கையோடு நிறுத்தினோம். பலவற்றில் மைதாவும் இருக்கிறது, வயிற்றை இளக்கும் மால்டிடால் என்ற இனிப்பூட்டியும் இருக்கிறது.

உண்மையான நேரத்தை எழுதிக்கொண்டு போங்கள்

டாக்டர் "டயத்துக்குச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் எல்லாரும் "சாப்பிடுறேன் சார்" என்று சொல்லிவிடுகிறோம். தம்பியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு தடவை ஒரு பில்லின் பின்பக்கத்தில் நானே எழுதிக் கொடுத்தேன்: காலை 8.30 சாப்பாடு, மதியம் 3.30 (கூட்டம் இருந்தால் 4), இரவு 11, தூக்கம் 12.30. அதைப் படித்ததும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "காலைல கிளிமிபிரைடு போட்டுட்டு ஏழு மணி நேரம் சாப்பிடாம இருக்கீங்களா?" என்றார்.

கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். உங்கள் மாத்திரை அந்த வகையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரவு ஷிப்ட் மாறும் வாரத்தில் எந்த மாத்திரையை எப்போது போடுவது என்பதை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

டப்பாவில் என்ன வைப்பது?

கோதுமை மாவிலும் கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 65 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்து, அரிசியில் 78. வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவே சோற்றை விட வேண்டியதில்லை, அளக்க வேண்டும். ஒரு கிண்ணத்தை இதற்கென்றே ஒதுக்கிவிட்டோம். சுமார் 150 கிராம் சோறு அதில் அடங்கும், மாவுச்சத்துக் கணக்கில் 40 முதல் 45 கிராம். டப்பாவில் சோறு கால் பங்கு, பாதிக்குக் காய், மீதிக் கால் பங்குக்கு முட்டையோ மீனோ பருப்போ. அவரைக்காய், புடலங்காய், கீரை, முட்டைக்கோஸ் என்று நாளுக்கொன்று மாறும். உருளையும் சேனையும் சோற்றுக் கணக்கில் சேரும்.

சாப்பிடும் வரிசையையும் கவனியுங்கள். முதலில் காய், அடுத்து முட்டையோ மீனோ, கடைசியில் சோறு. இப்படிச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை அவ்வளவாக ஏறாது. இதற்குக் காசும் வேண்டாம், கூடுதல் நேரமும் வேண்டாம்.

கொண்டைக்கடலை, மொச்சை வாயு பிடிக்கும் என்றால் இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். அப்படியும் ஆகாவிட்டால் பாசிப்பயறு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். கேழ்வரகு நல்லதுதான், 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து. பால் குடிக்காதவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் கஞ்சியாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை சட்டென்று ஏறும். அடையாகவோ களியாகவோ காயோடு சாப்பிடுங்கள்.

இரவு 11 மணிக்கு வயிறாரச் சாப்பிட்டுப் படுப்பதுதான் அவனுடைய காலைச் சர்க்கரையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. இப்போது இரண்டாவது டப்பா ஒன்று போகிறது. ஏழரை மணிக்குப் பத்து நிமிடம் ஒதுங்கி இரண்டு இட்லி, கொஞ்சம் பயறு. வீட்டுக்கு வந்ததும் முட்டையும் காயும் மட்டும். மாத்திரை நேரத்தையும் டாக்டர் இதற்கேற்பத் திருத்திக் கொடுத்தார்.

சட்டைப் பையில் குளுக்கோஸ்

ஒரு தீபாவளி சீசனில் மதியம் மூன்று மணிக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, கை நடுங்குது, சேலையை மடிக்க முடியல." குரலே மாறியிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மிட்டாய் கொடுத்தார்கள், அப்புறம் இன்னொன்று. கால் மணி நேரமாகியும் தெளியவில்லை. அவன் போடும் கூட்டு மாத்திரையில் வோக்ளிபோஸும் இருந்தது. அது சாதாரணச் சர்க்கரை உடைந்து ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். அந்த மாதிரி நேரத்தில் மிட்டாயும் சர்க்கரை போட்ட டீயும் வேகமாக வேலை செய்யாது, நேரடி குளுக்கோஸ்தான் வேண்டும். மருந்துக்கடையில் குளுக்கோஸ் பவுடர் வாங்கிக் கொடுத்த பிறகுதான் தெளிந்தான். இதை அதுவரை எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் சோதித்துப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால், 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து குடித்து 15 நிமிடம் உட்காருங்கள். ஏறவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். மீட்டர் கையில் இல்லாவிட்டால் காத்திராமல் குடித்துவிடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். பக்கத்தில் வேலை பார்ப்பவர் ஒருவருக்காவது இதைச் சொல்லி வையுங்கள். காலை பதினொன்றரைக்கு ஒரு கைப்பிடி பயறுச் சுண்டலும் அரைக் கொய்யாவும் சாப்பிட ஆரம்பித்த பிறகு தம்பிக்கு அந்த நிலை வரவில்லை.

எப்போது சோதிப்பது?

ஸ்ட்ரிப் விலை நமக்குத் தெரியும். தினமும் கண்டபடி குத்துவதைவிட வாரம் இரண்டு நாள், ஒரே சாப்பாட்டுக்கு முன்பும், சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். பொதுவான இலக்கு சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள். உங்கள் இலக்கை டாக்டர் வேறாகவும் சொல்லலாம். எந்தச் சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்பது இந்த ஜோடி எண்களில் தெரிந்துவிடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி தனி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். லீவு கிடைக்காதவர்கள் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருமா என்று அங்கே விசாரியுங்கள்.

கடைசியாக, கால்

கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தம் வந்தது. தயங்காமல் கேளுங்கள். கழிவறைக்குப் போக வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்; சர்க்கரை உள்ள உடம்புக்கு அது கூடவே கூடாது. சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடங்கள், கடை மாடிப்படியே போதும். வெறுங்காலோடு வேலை பார்க்கச் சொன்னால் டாக்டர் சீட்டைக் காட்டிச் செருப்புக்கு அனுமதி வாங்குங்கள்.

இரவு வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடைத்து, அடிப்பாதத்தைப் பாருங்கள். தம்பிக்குக் குனிந்து பார்க்க முடியாது. அவன் மகள்தான் செல்போன் விளக்கைப் பிடித்து இரண்டு பாதத்தையும் பார்த்து, "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவாள். போன ஆடி மாதம் ஒரு நாள் "இங்க ஒரு கொப்புளம் இருக்கு" என்றாள். அவனுக்கு வலியே தெரிந்திருக்கவில்லை. மறுநாள் காலையில் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போனான்.