நடுவில் வரும் 'ன்'

அன்புள்ள மருமகளுக்கு,

துருக்கி மொழி வகுப்பில் வேற்றுமை உருபுகள் தொடங்கிவிட்டன என்று எழுதியிருந்தாய். தமிழில் எட்டு வேற்றுமை படித்தவளுக்கு இந்த ஆறு எம்மாத்திரம் என்று தெம்பாகவும் இருக்கிறாய். அந்தத் தெம்பு நியாயமானதுதான். 'கிதாப் ஒகுதும்' என்றால் புத்தகம் படித்தேன். 'கிதாபு ஒகுதும்' என்றால் குறிப்பிட்ட அந்தப் புத்தகத்தைப் படித்தேன். இந்த வேறுபாட்டைத் தமிழ்ப் பெண்ணுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடைசி உகரத்தைக்கூட நம் குற்றியலுகரம்போல உதடு குவியாமல் சொன்னால் சரியாக இருக்கும்.

நீ இடறப்போவது உடைமை விகுதியில். 'எவ்' வீடு, 'எவிம்' என் வீடு, 'எவிம்தெ' என் வீட்டில். நாம் முன்னால் தனியாகச் சொல்லும் 'என்' அங்கே பெயரோடு பின்னால் ஒட்டிக்கொள்கிறது. முதலில் பன்மை, அடுத்து உடைமை, கடைசியில் வேற்றுமை: எவ்-லெர்-இமிஸ்-தென், எங்கள் வீடுகளிலிருந்து. இது சீக்கிரம் பழகிவிடும்.

படர்க்கைதான் பாடாய்ப்படுத்தும். 'எவி' என்றால் அவர் வீடு; 'வீட்டை' என்பதும் அதே 'எவி'தான். அவர் வீட்டில் என்று சொல்ல 'எவிதெ' என்று எழுதிவிடாதே, 'எவின்தெ' என்பதே சரி. படர்க்கை உடைமைக்குப் பின் வேற்றுமை உருபு வந்தால் நடுவில் ஒரு 'ன்' வந்தே தீரும். 'உன் வீட்டில்' என்பதும் 'எவின்தெ'தான் என்பதால், முன்னால் 'செனின்' (உன்னுடைய) இருக்கிறதா, 'ஒனுன்' (அவருடைய) இருக்கிறதா என்று பார்; இரண்டும் இல்லையென்றால் பேச்சின் போக்குதான் காட்டிக்கொடுக்கும்.

உடையவர் யாரென்று சொன்ன பிறகும் விகுதி விலகாது. 'அலியின் அப்பாவின் வீட்டில்' என்பது 'அலினின் பாபாசுனுன் எவின்தெ'. அப்பாவிலும் ஓர் 'அவருடைய', வீட்டிலும் ஓர் 'அவருடைய'! தமிழ்க் காதுக்கு மிகையாகப் படும், ஆனால் விட்டால் பிழை. இஸ்தான்புல்லின் புகழ்பெற்ற இஸ்திக்லால் சாலையின் பெயரையே பார். 'ஜாத்தெ' என்றால் சாலை. பெயரோ 'இஸ்திக்லால் ஜாத்தெசி'. அந்தச் சாலையில் என்றால் 'ஜாத்தெசின்தெ', அங்கும் அதே 'ன்'.

பாடநூல் அட்டவணையில் உடைமை ஒரு பக்கம், வேற்றுமை வேறு பக்கம் இருக்கும். பேச்சில் இரண்டும் சேர்ந்தேதான் வரும். அதனால் அட்டவணையை உருப்போடாமல் வாக்கியமாகவே பழகு. அடுத்த கடிதத்தில் உன் தோழியின் குடும்பத்தைப் பற்றித் துருக்கியில் பத்து வாக்கியம் எழுதி அனுப்பு. அவள் அம்மாவின் கடையில், அண்ணனின் பள்ளியிலிருந்து என்று எல்லாமே படர்க்கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
மாமா