சொந்தக் காசில் ஆடினால் என்ன?

கேள்வி: தன் காசில் ஒருவர் ரம்மி ஆடினால் அரசுக்கு என்ன வந்தது? தடை எதற்கு?

பதில்: பொங்கலன்று திண்ணையில் நாலு பேர் சீட்டாடுவதில் அரசு தலையிட வேண்டாம் என்பதே என் கருத்தும். அங்கே கையிலிருக்கும் காசு தீர்ந்தால் ஆட்டம் முடியும். எதிரே இருப்பவரே மனசு கேட்காமல் ‘போதும், எழுந்திருப்பா’ என்பார். செல்போன் ரம்மியில் அப்படிச் சொல்ல ஆளில்லை. யார் தோற்றாலும் நிறுவனத்துக்குக் கமிஷன் உண்டு. ஆட்டம் நீள நீள அதற்கு லாபம். தோற்றவர் யு.பி.ஐ.யில் அடுத்த நொடியே பணம் போடலாம், கடன் செயலியில் வாங்கியும் போடலாம். அந்தக் கடனுக்காக மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகும்போது அது எப்படிச் சொந்தக் காசு?

ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் திறமைசாலிக்கும் விட முடியாத வெறி பிடிக்கும். அதனால்தான் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது என்ற தமிழக விதியை நான் ஆதரிக்கிறேன். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. தடுத்தால் கள்ளத்தனமாக ஆடுவார்களே என்பீர்கள். ஆடுவார்கள், 2003-ல் லாட்டரியைத் தடைசெய்த பிறகும் ஒளித்து விற்றார்கள். ஆனால் கடை வாசலில் சீட்டு தொங்காததால், பழக்கமில்லாதவர் கண்ணில் அது படவில்லை. அதே 2025-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஆன்லைன் பண விளையாட்டுத் தடைச் சட்டம் ஆடுபவரை விட்டுவிட்டு, நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணத்தைக் கைமாற்றித் தருபவர் மீது கைவைக்கிறது. அதனால்தான் அந்தச் சட்டத்தின் பக்கம் நிற்கிறேன்.